பிறை காட்டும் விரல்

வடக்குச் சன்னலுக்கு நேராகத் தோலை விரித்ததும் மக்பூல் அகமது கண்ணை மூடிக்கொள்கிறார். பிறகு வலது கைக் கட்டைவிரல், கழுத்துப் பக்கம் தொடங்கி முதுகு வழியாக வால் வரைக்கும் நிதானமாக நகர்கிறது. ஓரிடத்தில் நிற்கிறது. ஆட்காட்டி விரல் நீண்டு அந்த இடத்தைத் தொடுகிறது. தோலின் மறுமுனையைப் பிடித்திருக்கும் எழிலரசி அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுகிறாள். உண்ணி கடித்த தழும்பு.

"கண்ண மூடிக்கினு தோல் பாக்கற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் பாய்."

"கண்ணு பொய் சொல்லும்மா. விரல் சொல்லாது."

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளில் தரம் பிரிக்கிறவர்கள் பலர் உண்டு. ஆனால் ஜெர்மனிக்காரனோ இத்தாலிக்காரனோ சரக்குப் பார்க்க வருகிற அன்று, பக்கத்து ஷாப்காரர்கள்கூட மக்பூல் பாயைத்தான் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அறுபதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி. எத்தனை அத்தர் பூசினாலும் அதன் அடியில் குரோம் வாசனை இருக்கும். வெயிலில் நடந்தால் நிழல் பக்கமாக நடப்பார். "கண்ணுதான் நமக்கு முதலு. முதலைப் போய் யாராவது வெயில்ல காய வெப்பாங்களா?" என்பார்.

அந்தக் கண்ணுக்குத் தொழில் தாண்டியும் ஒரு பதவி இருந்தது. ஒவ்வொரு அரபி மாதமும் இருபத்தொன்பதாம் நாள் மாலை, புதுப் பிறை பார்க்க, அவருடைய தெருப் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்கள் பழைய ஷாப் ஒன்றின் மொட்டை மாடியில் கூடுவார்கள். ஒரு காலத்தில் தோல் காயப்போட்ட மாடி. மேற்கே மறைப்பே கிடையாது. பாலாற்று மணலும், ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டியும், அதற்கு அப்பால் மரங்களும் வானமும்தான். எல்லோரும் நெற்றியில் கை வைத்துத் துழாவிக்கொண்டிருக்கும்போது மக்பூல் பாயின் விரல் உயரும். தலைகளெல்லாம் அந்த விரல் போகும் பக்கம் திரும்பும். "ஆமாமா, அதோ" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்வார்கள். விரல் உயரும் முன் யாரும் பிறையைப் பார்த்ததாகச் சொன்னதில்லை. சின்னப் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பதே இல்லை, அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வேதத்தில் வானத்தைப் பற்றி எங்கே என்ன வருகிறது என்பது அவருக்கு மனப்பாடம். பொருள் சொல்வது மட்டும் தம் தொழிலிலிருந்து. ஏழு வானம் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் என்று ஒருவர் கேட்டதற்கு, "ஒரு தோலையே மெஷின்ல விட்டு ரெண்டாப் பொளக்கறோம். படைச்சவனுக்கு வானத்தை ஏழாப் பொளக்கறது ஒரு வேலையா?" என்றார். கீழ்வானத்தை விளக்குகளால் அலங்கரித்திருப்பதாகச் சொல்லும் இடம் வந்தால் அவர் குரல் தழைந்துவிடும். "தோலாட்டம், நாம கீழேர்ந்து பாக்கறது சதைப் பக்கம். சதைப் பக்கத்துக்கே இவ்ளோ விளக்குன்னா மேல் பக்கம் இன்னா அழகா இருக்கும், சொல்லு."

இந்த விளக்கங்களைக் கேட்டுச் சிரிக்காத ஆள் அப்துல் ஹமீத் ஒருவன்தான். அடுத்த வீட்டுப் பையன், இப்போது கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். மக்பூலை மாமு என்று கூப்பிட்டே வளர்ந்தவன். அவனுக்கும் வேதத்தில் வானம்தான் பிடிக்கும். வானம் விரிந்துகொண்டே போகிறது என்று விஞ்ஞானிகள் நேற்றுச் சொன்னது அன்றைக்கே சொல்லப்பட்டிருக்கிறது என்பான். சூரியனும் சந்திரனும் கணக்குப்படி ஓடுகின்றன என்று வேதமே சொல்லும்போது, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதும் வணக்கம்தான் என்பான். தேநீர்க் கடையில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களுக்குப் பொழுது நன்றாகப் போகும்.

"நேத்து பேப்பர்ல வந்ததெல்லாம் வேதத்துல இருக்குன்ற. நாளைக்குப் பேப்பர்காரன் மாத்தி எழுதிட்டா இன்னா பண்ணுவ? வேதத்தை மாத்துவியா?"

"தொழுகைக்கு மட்டும் கடிகாரத்தப் பாக்கறீங்களே மாமு, வெளிய போய் நிழல அளந்தா தொழறீங்க? நோன்புக்கு மட்டும் இன்னாத்துக்குக் கண்ணு?"

"பிறையப் பாத்து நோன்பு வைங்க, பாத்து விடுங்கன்னு நபி சொன்னாங்க. பாத்துன்னா கண்ணால. மேகமா இருந்தா முப்பது முடிங்கன்னாங்க. கணக்கு வாத்தியார் வூட்டுக்குப் போய்க் கேளுங்கன்னு சொல்லல."

கடையே சிரிக்கும். ஹமீதும் சிரித்துவிடுவான். இரண்டு பேரும் ஒரே தட்டில் சமோசா தின்றுவிட்டுப் போவார்கள்.

இதற்கிடையில் மக்பூல் பாயின் கண்ணில் பால் படர ஆரம்பித்திருந்தது. முதலில், குரோமில் ஊறிய தோலின் நீலம் மங்கிற்று. பிறகு தெரு விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் முளைத்தது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் வளைந்து, அரிவாள் நுனி மாதிரி நீண்டது. கண்புரை என்று அவருக்குத் தெரியும். வேலூரில் போய்க் காட்டினால் உரித்து எடுத்துவிடுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் கண்ணில் கட்டோடு திரும்பி வந்தால் ஷாப்பில் என்ன பேசுவார்கள், மாடியில் என்ன பேசுவார்கள். எனவே கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நம்ப ஆரம்பித்தார். தோலுக்கு அது போதுமானதாக இருந்தது. ஊர் அதைக் கைத்திறன் என்று எடுத்துக்கொண்டது. அவரும் மறுக்கவில்லை.

மறைவில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பொய், நோன்பு மாதத்தின் கடைசியில் வெளியே வந்து நின்றது.

இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு எல்லோரும் மாடிக்கு வந்திருந்தார்கள். மேற்கே திட்டுத் திட்டாக மேகம். ஹமீத் படியேறி வந்ததுமே, "சும்மா நிக்கறோம் மாமு. இன்னிக்கு சூரியனுக்கு முன்னாடியே சந்திரன் எறங்கிடுச்சு. மேகமே இல்லன்னாலும் தெரியாது" என்றான்.

"வானத்துக்கு நீ டைம்டேபிள் போட்டுக் குடுத்தியா?"

"போட்டவன் சரியாப் போட்டிருக்கான்னு சொல்றேன்."

சிலர் சிரித்தார்கள். இந்தத் தடவை அவன் பக்கம் நின்று சிரித்தார்கள். ஒருவர், "மாமுவுக்கும் வயசாச்சில்ல" என்று சொன்னது பின்னாலிருந்து கேட்டது. மக்பூல் பாய் மேற்கே பார்த்தார். மேகத்தின் கீழ் விளிம்பில் கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில், வெண்மையாக, மெலிதாக, வளைந்து ஒரு கீற்று. காய்ந்து வளைந்த பேரீச்சங் காம்பு மாதிரி என்று வேதத்தில் சொன்ன அதே வளைவு.

சில மாதங்களாக எல்லா வெளிச்சமும் தமக்கு அப்படித்தான் வளைகிறது என்ற நினைப்பு அந்த நொடியில் அவருக்கு வராமல் இல்லை. வந்தது. அதை ஒதுக்கிவிட்டு விரலை உயர்த்தினார்.

"எங்க பாய்?"

"தொட்டிக்கு இடது பக்கம். மேகத்துக்குக் கீழ. போச்சு, மூடிக்கிச்சு."

பலருக்குத் தெரியவில்லை. சமீருல்லா மட்டும், "பாத்தேன், பாத்தேன். நல்லா மெல்லிசா இருந்திச்சு" என்றார். அவர் மக்பூலோடு சிறு வயது முதல் சுற்றுகிறவர். தோல் உருட்டும் டிரம்மில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பத்து சொன்னால் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டிய ஆள் என்று தெருவில் பெயர். ஆனால் மக்பூல் பாய் சொன்ன பிறகு இரண்டாவது ஆள் யாராக இருந்தால் என்ன? மேகம் போட்ட மாலையில் இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும். பள்ளிவாசல் இமாம் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டார். ஹஜ்ரத் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த இமாமின் முன்னால், அல்லாஹ்வின் மேல் ஆணையாகப் பிறையைக் கண்டேன் என்று மக்பூல் அகமது சொன்னார். ஹமீத் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஊரின் மற்றப் பள்ளிவாசல்கள் அந்தச் சாட்சியை ஏற்கவில்லை. ஆகவே மறுநாள் ஒரு தெருவில் பெருநாள், அடுத்த தெருவில் நோன்பு. இந்தப் பக்கம் பிரியாணி தேக்சா கொதித்தது. அந்தப் பக்கம் ஜன்னல்களைச் சாத்தினார்கள். புதுச்சட்டை போட்ட பிள்ளைகளைத் தெரு முனை தாண்டித் தின்பண்டத்தோடு போகக் கூடாது என்று தாய்மார்கள் பிடித்து நிறுத்தினார்கள். வளைகுடாவில் மகன் வேலை பார்க்கும் வீடுகளில், "அவனுக்கு அங்க ஒரு பிறை, நமக்கு இங்க ஒரு பிறை, அடுத்த தெருவுக்கு வேற ஒரு பிறையா?" என்று கேலி. மக்பூல் பாயைக் கட்டிப்பிடித்து முபாரக் சொன்னவர்கள் எல்லாம், "உங்க கண்ணு இருக்கற வரைக்கும் நமக்கு இன்னா கவலை" என்றார்கள். ஒவ்வொரு தடவை தழுவும்போதும் அவர் கொஞ்சம் விறைத்தார்.

அன்று மாலை வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. அடுத்த தெருக்காரர்கள் முப்பதை முடித்து நோன்பு திறந்தார்கள். மக்பூல் பாய் தம் வீட்டு மாடிக்குத் தனியாக ஏறினார். மேற்கே, தொட்டிக்கு இடது பக்கம், நேற்றுப் பார்த்த அதே உயரத்தில் அதே கீற்று நின்றுகொண்டிருந்தது. சந்திரன் ஒரு நாளில் கொஞ்சமாவது தடித்திருக்க வேண்டும். மேலே ஏறியிருக்க வேண்டும். இது அசையவே இல்லை. துணி எடுக்க வந்த மனைவி சுகரா பேகத்தைக் கூப்பிட்டார்.

"அங்க இன்னா தெரியுது?"

"எங்க?"

"தொட்டியாண்ட."

"லைட்டு. கழிவுத்தண்ணி பிளான்ட்ல புதுசா போட்டிருக்காங்களே, அந்தக் கம்பத்து லைட்டு." அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டே வேறு பக்கம் கை நீட்டினாள். "பிறை அங்க இருக்கு பாருங்க. எவ்ளோ மெல்லிசா, மொத நாள் பிறையாட்டம்."

அவள் காட்டிய இடத்தில் அவருக்கு வெறும் வானம்தான் தெரிந்தது. "ஆமா" என்றார்.

பிறகு அவர் தேநீர்க் கடைக்குப் போகவில்லை. ஹமீதின் வண்டிச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் வந்துவிடுவார். ஷாப்பில் எழிலரசி, "கண்ணு பொய் சொல்லும் பாய், விரல் சொல்லாது" என்று அவர் வசனத்தை அவருக்கே திருப்பிச் சொன்னபோது, கையில் பிடித்திருந்த தோலை அப்படியே மேசைமேல் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். வேதத்தில் விளக்குகள் வரும் அத்தியாயத்தை ஓதுவதை நிறுத்திவிட்டார். ஓதத் தொடங்கினால் அந்தக் கம்பத்து விளக்கு எழுத்துக்கு நடுவே எரிந்தது.

பெருநாள் கழிந்த மாதத்தில் ஆறு நோன்பு உபரியாக வைப்பது வழக்கம். அவர் ஆறு வைத்தார். அதற்கு மேலும் ஒரு நாள் விடியுமுன் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்ததைச் சுகரா பேகம் பார்த்துவிட்டாள்.

"ஆறுதான் முடிஞ்சிடுச்சே. இது எதுக்கு?"

அவர் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அவள் அவர் எதிரே உட்கார்ந்தாள். விட்டுப்போன கடமை நோன்புக்கு ஈடாகத்தான் இப்படி ஒன்று வைப்பார்கள். எந்த நோன்பை விட்டார் இவர்? அந்த மாலை அவர் ஏன் தொட்டிப் பக்கம் காட்டிக் கேட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்களுக்கு ஈடு பண்ணிட்டீங்க," என்றாள். "நான் அன்னிக்கு சாப்ட்டேனே. தெருவே சாப்ட்டுச்சே. எங்களுக்கு யார் சொல்லுவா?"

மறுநாள் அவர் சமீருல்லாவைத் தேடிக்கொண்டு போனார். மசூதிக்குப் பின்னால் கோழிகளுக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தார் அவர்.

"சமீரு, நெசமா சொல்லு. அன்னிக்கு நீ பாத்தியா?"

"பாத்தேனே."

"இன்னா பாத்த?"

சமீருல்லா கோழிகளையே பார்த்தார். "நீ பாத்தேன்ன. அதான் பாத்தேன்." பிறகு, "ஐம்பது வருசமா அப்டித்தானடா பாக்கறேன். நீ காட்டுவ, எனக்குத் தெரியும். ஏன், இல்லையா அது?"

"லைட்டு."

"இன்னா லைட்டு?"

"கம்பத்து லைட்டு. எனக்குக் கண்ணு போய்டுச்சு. ஒரு வருசமா சரியில்ல."

சமீருல்லா கையில் மிச்சமிருந்த நொய்யை ஒரேயடியாகக் கொட்டினார். "அட பாவி. ஆணை வெச்சு சொன்னேனேடா நான்."

"வேதத்துக்காகப் பேசறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சமீரு. அந்தப் பையன் மடக்கினான். எல்லாரும் சேந்து சிரிச்சாங்க. என் கண்ணுக்காகத்தான் பேசிருக்கேன்."

இருவரும் ஹஜ்ரத்திடம் போனார்கள். மக்பூல் பாய் சொல்லி முடிக்கும் வரை அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே கேட்டார். கணக்கு ஒருபோதும் சாட்சி ஆகாது, ஆனால் நடக்கவே முடியாததைக் கண்டேன் என்று வரும் சாட்சியைக் கணக்கு தடுக்கலாம் என்று பெரியவர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள், ஹமீத் சொன்னபோதே தாம் அதை யோசித்திருக்க வேண்டும் என்றார். "உங்க பேரைக் கேட்டதும் நானும் யோசிக்கல பாய். தப்புல எனக்கும் பங்கு இருக்கு." வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அறிவித்துவிடுவோம், தெருவார் ஆளுக்கொரு நோன்பு திரும்ப வைக்கட்டும், பெயர் வேண்டாம் என்று முடித்தார். பெயர் வேண்டாம் என்றதும் மக்பூல் பாய்க்கு நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியது. இறங்கியதற்காகவும் வெட்கப்பட்டார்.

வெள்ளிக்கிழமை எப்போதும்போல முதல் வரிசையில்தான் இடம் விட்டிருந்தார்கள். அவர் தூணோரமாக மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி ஹமீத். தொழுகை முடிந்து கலையப் போன கூட்டத்தை ஹஜ்ரத் கையமர்த்தினார்.

"பெருநாள் பிறைக்குச் சாட்சி சொன்னவங்கள்ல ஒருத்தர், தான் பாத்தது பிறை இல்லன்னு வந்து சொல்லிட்டாரு. தப்பு நடந்துபோச்சு. அன்னிக்கு நோன்பு விட்டவங்க எல்லாரும் ஒரு நோன்பு திரும்ப வெச்சிடுங்க. அவருக்காக துஆ செய்ங்க."

முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு, யாரும் சொல்லாமலே, முகங்கள் எல்லாம் சமீருல்லா பக்கம் திரும்பின. "நான் அப்பவே நெனச்சேன்" என்றார் ஒருவர். "இவன் வாயால ஒரு நோன்பு போச்சு" என்றார் இன்னொருவர். "மக்பூல் பாயையும் சேத்துல்ல கெடுத்துட்டான்." சமீருல்லா தலையைக் குனிந்துகொண்டு, தொழுகைப் பாயின் ஓரத்தில் பிரிந்து நின்ற ஒரு நூலைத் திருகிக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிற மனிதர்.

மக்பூல் அகமது தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பேச வாயெடுக்கும் முன் வலது கை தானாக உயர்ந்தது. விரல் நீண்டது.

பழக்கத்தில் அந்தப் பள்ளிவாசலில் இருந்த தலைகள் அத்தனையும் அது காட்டிய பக்கம் அண்ணாந்தன. மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் கையை மெல்ல இறக்கி, அந்த விரலைத் தம் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, எல்லோரும் கீழே பார்க்கும் வரை அப்படியே நின்றார்.